மோஷன் சென்சாருக்குள் குடியிருந்த சிலந்தி

ஆள் நடமாட்டம் தெரிந்தால் திருட்டு அலாரத்தை எழுப்பும், என் வீட்டில் மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மோஷன் சென்சாரையே தானும் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன். எத்தனை மீட்டர் தூரம், எத்தனை டிகிரி கோணம் வரை பிடிக்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. என் புகார் முழுவதும் ஆளே இல்லாத அறையைப் பார்த்து அது எழுப்பிய கூச்சலைப் பற்றியது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சென்சாரை ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியவன் நான். அது ஆளையோ உருவத்தையோ பார்ப்பதில்லை. முன்னாலுள்ள லென்ஸ் அறையைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்ட, ஒரு வெப்பம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது ஏற்படும் மாற்றத்தைத்தான் உள்ளேயிருக்கும் அகச்சிவப்பு உணரி பிடிக்கிறது. பிற்பகல் வெயிலில் சூடேறிய திரைச்சீலை மின்விசிறிக் காற்றில் அசைந்தால், அதன் கணக்கில் அதுவும் ஒரு நடமாட்டமே. ஜன்னல் இருக்கும் சுவரின் மூலைக்கே சென்சாரை மாற்றினேன். பகல் அலாரம் அன்றோடு நின்றது.

இரவு அலாரம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வெயிலும் இல்லை, மின்விசிறியும் இல்லை, வீட்டில் நாயும் பூனையும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறை, விடியற்காலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே சைரன் அலறியது. பழுது பார்க்க வந்தவர் முதல் முறை அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலின் பேட்டரியை மாற்றினார். இரண்டாம் முறை ஒயரை மாற்றினார். மூன்றாம் முறை, எத்தனை அசைவு பதிந்தால் அலாரம் எழ வேண்டும் என்று தீர்மானிக்கும் பல்ஸ் கவுண்ட் ஜம்பரை ஒன்றிலிருந்து மூன்றுக்கு மாற்றிவிட்டு, இனிமேல் தொல்லையே இருக்காது என்று உறுதி சொல்லிப் போனார். தொல்லை குறைந்தது உண்மைதான். ஆனால் சைரன் அலறாமல், அசைவைப் பிடித்தால் சென்சாரின் விளக்கு மட்டும் எரியும் வாக் டெஸ்ட் நிலையில் வைத்துவிட்டு வாசலிலிருந்து சென்சாரை நோக்கி நேராக நடந்து பார்த்தபோது, ஏறக்குறைய அதன் அடியில் போய் நின்ற பிறகுதான் சிவப்பு விளக்கு எரிந்தது. குறுக்கே நடப்பவரை எளிதில் பிடிக்கும் இவ்வகை சென்சார், தன்னை நோக்கி வருபவரைப் பிடிப்பதில் இயல்பாகவே மந்தம். அதை மேலும் மந்தமாக்கிவிட்டு அதற்குப் பழுதுபார்ப்பு என்று பெயர் வைத்தால், காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்த கதையாகிவிடாதா?

ஜம்பரைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். அன்றிரவு விளக்குகளை அணைத்துவிட்டு, வாக் டெஸ்ட் நிலையை மாற்றாமல், கதவுக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, காலியான அறையில் சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னியது. மறுநாள் காலை, கருவியைத் திறந்தாலே எழும் டாம்பர் அலாரம் அடிக்காமலிருக்கப் பேனலை சர்வீஸ் நிலைக்கு மாற்றிவிட்டு மூடியைக் கழற்றினேன். லென்சின் உட்புறம் முழுக்க மெல்லிய வலை. அதன் மூலையில் கடுகளவு சிலந்தி ஒன்று கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தது. அறைக் கோடியில் நகரும் சிலந்தி சென்சாருக்கு ஒன்றுமே இல்லை. உணரிக்கு ஓர் அங்குலத்துக்குள் நகரும் சிலந்தியோ அதன் பார்வையில் பெரும்பகுதியை மறைத்துவிடுகிறது. வெப்பநிலையில் சிறு வித்தியாசமே போதும்.

அது நுழைந்த வழி, பின்புறம் ஒயர் வரும் துளை. ஒயர் போக மீதமிருந்த இடைவெளியை யாரும் அடைக்கவில்லை. எவ்வளவு எடையுள்ள வளர்ப்புப் பிராணியைப் பொருட்படுத்தாது என்பதைப் பெரிய எழுத்தில் போட்ட கையேட்டில் இந்தத் துளையைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. ஒரு சிறு ரப்பர் அடைப்பானைப் பெட்டிக்குள் போட்டிருந்தால் என் பல மாதத் தூக்கம் தப்பியிருக்கும்.

வலையைத் துடைத்து, துளையைச் சிலிக்கான் பசையால் அடைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. அதன்பின் ஒரு பொய் அலாரமும் இல்லை. நான் வேண்டுமென்றே நடந்து பார்த்த ஒவ்வொரு முறையும் தவறாமல் பிடித்தது. நியாயமாகப் பார்த்தால் நல்ல கருவிதான். ஆனால் அந்த விடியற்காலைகளை நினைத்தால் வாங்காதீர்கள் என்றுதான் நண்பருக்குச் சொல்ல வாய் வருகிறது. மாடி அறைக்குப் போன வாரம் இதே சென்சாரில் இன்னொன்று வாங்கினேன் என்பதையும் அவரிடம் மறைக்கப் போவதில்லை. சுவரில் ஏற்றுவதற்கு முன்பே அதன் துளையை அடைத்துவிட்டேன்.