ஏ.சி. மாட்ட யாரை அழைப்பது: கம்பெனி ஆளையா, ஏரியா மெக்கானிக்கையா?

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் பழையது. மூன்றாம் மாடியில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் கம்பெனி அனுப்பிய ஆட்கள் ஏ.சி. மாட்டினார்கள், மற்றதில் தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிப் பக்கத்து மெக்கானிக் மாட்டினார். இரண்டும் ஒன்றரை டன், இரண்டிலும் ஆர்-32 என்ற குளிர்விக்கும் கேஸ். இரண்டு வேலையிலும் குறை வந்தது. ஆனால் ஒரே இடத்தில் வரவில்லை.

கம்பெனி ஆட்களை அழைப்பதில் உள்ள பெரிய வசதி வாரண்டி. வேறு ஆள் மாட்டினால் சில நிறுவனங்கள் வாரண்டியை ஏற்க மறுப்பதுண்டு என்பதால் வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கூலி ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் என்பதால், அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரம் அவர்கள் கையில் தெரிந்தது. காப்பர் பைப்பை வெட்டி, முனையைக் கூம்பாக விரித்து, நட்டுப் போட்டு இறுக்குவதை 'ஃப்ளேர்' என்பார்கள். வெட்டிய விளிம்பின் பிசிறை எடுக்காமல் விரித்தால் கூம்பில் மயிரிழை போல் விரிசல் விழும். பழைய ஆர்-22 கேஸைவிட ஆர்-32-இன் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்பதால், அன்று தாங்கியிருக்கக்கூடிய இணைப்புகூட இன்று கசியும். அடுத்து, பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எங்களுக்கு வந்தவர்களிடம் பம்ப்பே இல்லை. வால்வைத் திறந்து 'உஸ்' என்று சில நொடிகள் கேஸை வெளியேவிட்டு, "காற்று போய்விட்டது" என்றார்கள். காற்றின் ஒரு பகுதி போகலாம், ஈரம் போகாது. கம்ப்ரஸர் எண்ணெய் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. நாளடைவில் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். மேலும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடிய கேஸ் என்பதால் அதை இப்படித் திறந்துவிடுவதே தவறு. இரண்டாவது கோடையில் குளிர் குறைந்தபோது சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துப் பார்த்தோம். நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் கரும்புழுதி படிந்திருந்தது.

ஏரியா மெக்கானிக் இந்த வேலையில் அவர்களைவிடப் பல படி மேல். பம்ப்பை இருபது நிமிடம் ஓடவிட்டு, நிறுத்திய பிறகும் அழுத்தமானியின் முள் ஏறுகிறதா என்று காத்திருந்து பார்த்தார். சுவர்த் துளையை வெளிப்பக்கம் சற்றே சரிவாகப் போட்டதால் ஜூலை மழையிலும் தண்ணீர் உள்ளே வரவில்லை. குறை என்றால் கூப்பிட்ட மறுநாள் வந்து நிற்பார். பெயர் கெட்டால் அந்தத் தெருக்களில் அவருக்குப் பிழைப்பு இல்லை.

ஆனால் அவர் செய்த தவறு ஆபத்தானது. எங்கள் வீட்டு பாயின்ட்டில், கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் இல்லை என்று கண்டதும், சாக்கெட்டுக்குள்ளேயே, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலையும் யூனிட்டின் உறையோடு சேரும் எர்த் முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிட்டார். "எல்லா பழைய பில்டிங்கிலயும் இப்படித்தான் அண்ணாச்சி" என்றார். சில மாதம் கழித்து, கீழே பியூஸ் பெட்டியில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்து விளக்கும் மின்விசிறியும் நின்ற ஒரு மாலையில், பால்கனியில் துணி எடுக்கப்போன என் மனைவியின் புறங்கை அவுட்டோர் யூனிட்டில் பட்டது. வீட்டில் எதுவும் ஓடவில்லை. யூனிட்டின் உலோக உறையில் மட்டும் மின்சாரம் இருந்தது. திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம், அந்தத் துண்டு வயர் வழியே உறைக்கு வந்துவிட்டது. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் சுரீர் என்ற அதிர்வோடு தப்பினாள். டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. இன்றும் அந்தச் சிறு வெளிச்சத்தை நினைத்தால் கை கூசுகிறது.

செயலி வழியாக ஆள் அழைப்பதும் உண்டு. ஃபில்டர் கழுவ அது போதும். இன்று வந்தவரே நாளையும் வருவார் என்ற உறுதி இல்லாததால் மாட்டும் வேலைக்கு நான் அழைக்க மாட்டேன்.

பைப் வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது, பம்ப்போடு வரும் ஏரியா மெக்கானிக்கை. வாரண்டிக்காகக் கம்பெனி ஆள்தான் வரவேண்டுமென்றால், பம்ப் கொண்டுவராதவரைப் பெட்டியைப் பிரிக்கவிடாதீர்கள். வயரிங்கை இருவரில் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. கேஸ் தெரிந்தவருக்கு மின்சாரமும் தெரியும் என்று நாம் எண்ணிக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து, இயந்திரம் வருமுன்பே போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. காப்பர் வயரைத் தனியாக இழுத்து, அதற்கென, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் ஒரு எம்.சி.பி.யும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், உண்மையான எர்த்தும் போட்டுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் அப்படிச் செய்தபோது, மீட்டர் அறையிலிருந்து அந்தப் பச்சை எர்த் வயர் மூன்று மாடி ஏறி வர ஒன்றரை நாள் ஆனது. அதன்பிறகு அதே மெக்கானிக்கை அழைத்து, சாக்கெட்டிலிருந்து பிடுங்கிய துண்டு வயரைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, இப்படி மாட்டிய மற்ற வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.