சினாக்தென் 250 மைக்ரோகிராம் ஊசி: மருந்தைக் குறை சொல்ல இடமில்லை, கெடுவது மற்ற இடத்தில்

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்து கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கான ஊசி இது. சின்னக் கண்ணாடி ஆம்பியூலில் ஒரு மி.லி. தெளிந்த திரவம், அதில் 250 மைக்ரோகிராம் டெட்ராகோசாக்டைட். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, அட்ரினலைத் தூண்டச் சுரக்கும் ஏ.சி.டி.எச். ஹார்மோன் 39 அமினோ அமிலம் நீளம். அதன் முதல் 24-ஐ மட்டும் செயற்கையாகக் கோத்திருக்கிறார்கள். மீதி 15 இல்லாததால் வேலை குறைவதில்லை. அட்ரினல் புறணியின் (வெளி அடுக்கின்) ஏற்பியைப் பிடிக்கத் தேவையான 6 முதல் 9 வரையிலான துண்டும், 15 முதல் 18 வரையிலான துண்டும் இந்த 24-க்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறும். ஸ்டார் என்னும் புரதம் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தள்ளிவிடும். அதன்பின் நொதிகள் ஒவ்வொன்றாக வேலை பார்த்துக் கார்டிசால் வரும். சுரப்பி இதை முன்கூட்டிச் செய்து சேர்த்து வைப்பதில்லை. கேட்டபின் தயாரித்து அனுப்புகிறது. 30 நிமிடம் காத்திருப்பது அதற்காகத்தான்.

ஊசிக்கு முன் காலை 8, 9 மணிக்குள் கார்டிசால் பார்க்க முதல் ரத்தம். பிறகு முழு ஆம்பியூலும் சிரையிலோ தசையிலோ. சரியாக 30-ஆம் நிமிடம் அடுத்த ரத்தம். 60-இலும் ஒன்று எடுத்தால் நல்லது. டியூபின் மேல் எழுத வேண்டியது ஊசி போட்ட நேரத்திலிருந்து கணக்கிட்ட நிமிடம். ‘இரண்டாவது சாம்பிள்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் லேப் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

முதல் ரத்தத்தோடு ஏ.சி.டி.எச். அளவும் கேட்டிருந்தால் வேலை கூடும். ஏ.சி.டி.எச். என்னும் இந்தப் பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) ரத்தத்திலுள்ள நொதிகளால் சீக்கிரம் சிதையும், கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். குளிர வைத்த பிளாஸ்டிக் இ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும்) டியூபில் எடுத்து, ஐஸில் வைத்து, குளிர் சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, உடனே உறைய வைக்க வேண்டும். மேஜை மேல் ஒரு மணி நேரம் கிடந்த டியூப், கூட இருக்க வேண்டிய அளவைக் குறைத்துக் காட்டும். அட்ரினலே பழுதாகி ஏ.சி.டி.எச். ஏறியிருக்கும் நோயாளியை பிட்யூட்டரிக் கோளாறு என்று எழுத அந்த ஒரு தவறு போதும்.

அதிகம் சறுக்குவது எல்லை அளவில். ஊசிக்குப் பிறகு கார்டிசால் 18 மைக்ரோகிராம்/டெ.லி. (டெசிலிட்டர்) தாண்டினால் சரி என்பது பழைய கருவிகளின் கணக்கு. அவை கார்டிசாலோடு ஒத்த மற்ற ஸ்டீராய்டுகளையும் சேர்த்து எண்ணும். ஒரே வகை ஆன்டிபாடியை வைத்து அளக்கும் புதிய மோனோகுளோனல் கிட்களும், மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் கார்டிசாலை மட்டும் பிடிப்பதால், அவற்றில் 14, 15 வந்தாலே போதும். லேப் கிட் மாற்றியது தெரியாமல் 18-ஐயே பிடித்துக்கொண்டிருந்தால் நல்ல சுரப்பிக்காரருக்கும் ஆயுசுக்கு மாத்திரை எழுத நேரும்.

பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பல கிட்கள் கார்டிசாலைக் கூட்டிக் காட்டும். டெக்ஸாமெத்தசோனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்து வடிவக் கார்டிசால்) எடுப்பவர்கள் டாக்டர் சொன்னால் முந்தைய இரவு டோஸை விடலாம், தாமாக நிறுத்தக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டி மொத்த அளவை ஏற்றும். அதனால் ஆறு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். முடிக்கு என்று விழுங்கும் பயோட்டினும் சில கிட்களைக் குழப்பும். இன்ஹேலர், சருமக் கிரீம் உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுவது உத்தமம்.

1 மைக்ரோகிராம் சோதனை நுட்பமானது என்பார்கள். எங்களுக்கு அது பிடித்தமில்லை. அந்த அளவில் ஆம்பியூல் வருவதில்லை. சலைனில் கலந்து நாமே நீர்க்க வேண்டும். நீளமான பிளாஸ்டிக் குழாய் வழியாகச் செலுத்தினால் குழாயிலேயே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பிறகு பதில் சொல்லாதது சுரப்பியா, போய்ச் சேராத மருந்தா?

250 மைக்ரோகிராம் என்பது சுரப்பிக்குத் தேவையானதைவிட எத்தனையோ மடங்கு. இவ்வளவு உரக்கக் கூப்பிட்டும் எழாத சுரப்பி நிச்சயம் பழுதுதான். எழுந்துவிட்டால் பிட்யூட்டரியும் சரி என்று முடிவு கட்ட முடியாது. பிட்யூட்டரி அறுவை முடிந்த முதல் சில வாரங்களில் அட்ரினல் இன்னும் சுருங்கியிருக்காது, அதனால் முடிவு பொய்யாக நல்லதாக வரும். அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான, உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனைத் தினசரி ஆளும் ஆஞ்சியோடென்சின் 2, சுரப்பியின் உள்பகுதியான அகணியில் ‘அட்ரினலின்’ ஹார்மோன் சுரப்பைத் தூண்டும் பி.ஏ.சி.ஏ.பி. போன்ற பெப்டைடுகளைப் பற்றி இந்த ஊசி எதுவும் சொல்லாது.

இந்தியாவில் பல ஊர்களில் இது சுலபமாகக் கிடைப்பதில்லை. மாற்றாக ஆக்டான் புரோலாங்கேட்டம் பயன்படுகிறது: பன்றியின் ஏ.சி.டி.எச்., மெதுவாகக் கரையும் ஜெல், மி.லி.க்கு 60 யூனிட், தசையில் மட்டும். நேரக் கணக்கு வேறு. 30 நிமிட அளவோடு ஒப்பிடக் கூடாது. மி.லி.க்கு 40 யூனிட் என்று கோடு போட்ட இன்சுலின் சிரிஞ்சில் இழுப்பதுதான் வழக்கமான விபத்து. 25 யூனிட் என்றால் 0.42 மி.லி.; அந்தச் சிரிஞ்சின் 25-ஆம் கோடு 0.625 மி.லி., அதாவது 37.5 யூனிட்.

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி, வெளிச்சம் படாமல். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களையும் அரை மணி நேரம் உட்கார வைத்து, அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பி.பி. இறங்கி மயங்கி வருபவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்: ஒரு டியூப் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி.