16 கிலோ போட்டி கெட்டில்பெல்: பத்து நிமிடம் கீழே வைக்காமல் தூக்க எது தோது?

மேலே கைப்பிடி வைத்த உருண்டை எடையான கெட்டில்பெல்லைத் தரையில் வைக்காமல் பத்து நிமிடம் தூக்கிப் பாருங்கள். மூச்சு இன்னும் தாக்குப்பிடிக்கும். அதற்குள் முன்கை கல்லாக விறைத்து, விரல்கள் தானாகத் திறந்துகொள்ளும். நீண்ட நேரப் பயிற்சியில் பெரும்பாலானோர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். அதனால் தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்க கெட்டில்பெல் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கைப்பிடியை. அந்தக் கணக்கில் ஸ்டீலில் வரும் போட்டி வகைக்கே எங்கள் ஓட்டு. ஆனால், கடையிலிருந்து வந்த கோலத்தில் அதை அப்படியே பயன்படுத்த முடியாது. கைப்பிடியில் ஒரு மணி நேர வேலை இருக்கிறது.

இதன் அளவுகள் ஏன் இப்படி அமைந்தன என்பதற்கு ரஷ்யாவுக்குப் போக வேண்டும். அங்கே இதன் பெயர் கிர்யா. எடைக் கணக்கு ‘பூத்’. ஒரு பூத் என்பது 16.38 கிலோ. 16, 24, 32 என்று படிகள் வந்தது இப்படித்தான்: ஒன்று, ஒன்றரை, இரண்டு பூத். 1985-ல் லீப்பெத்ஸ்க் நகரில் முதல் சோவியத் சாம்பியன்ஷிப் நடந்தது. 1989-ல் பத்து நிமிட வரம்பு வந்தது. பத்து நிமிடத்துக்குள் எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்பதே ஆட்டம். நடுவில் கீழே வைத்தால் செட் முடிந்தது. இளைப்பாற இடம் இரண்டே இரண்டு: மார்போடு அணைத்து நிற்கும் ‘ரேக்’ நிலை, இல்லையென்றால் தலைக்கு மேலே கை நீட்டிய நிலை. இந்த இரண்டு இடத்திலும் உடம்புக்கு உறுத்தாமல் உட்கார வேண்டும் என்பதற்காகவே போட்டி கெட்டில்பெல் இப்படி வடிவம் பெற்றிருக்கிறது.

உயரம் 280 மி.மீ., உருண்டையின் விட்டம் 210 மி.மீ., கைப்பிடியின் தடிமன் 33 அல்லது 35 மி.மீ. எட்டு கிலோவானாலும் முப்பத்திரண்டானாலும் வெளி அளவு ஒன்றே. உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் கூடும், குறையும். சாதாரண வார்ப்பிரும்பு கெட்டில்பெல் எடை கூடக் கூடப் பெருத்துக்கொண்டே போகும். 12-லிருந்து 16-க்கு மாறினால் உருண்டை முன்கையில் படும் இடம் மாறிவிடும், கைப்பிடியின் பருமனும் மாறிவிடும். மாதக்கணக்கில் பழகிய லாவகத்தைத் திரும்பப் பழக வேண்டும். போட்டி வகையில் அந்தத் தொல்லை இல்லை. நிறத்தைப் பார்த்தே எடையைச் சொல்லிவிடலாம்: 12 நீலம், 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு.

குறையையும் சொல்லிவிடுகிறோம். இதன் கைப்பிடி குறுகல். இரண்டு கையாலும் பிடித்து, காலுக்கிடையிலிருந்து முன்னே வீசும் ஸ்விங் செய்ய நினைப்பவருக்கு உள்ளங்கைகள் ஒன்றையொன்று நெருக்கும். சுண்டுவிரல்கள் மூலையில் நசுங்கும். இரு கை ஸ்விங் மட்டும்தான் உங்கள் பயிற்சி என்றால் வார்ப்பிரும்பே போதும், காசும் மிச்சம். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் நிரப்பியதை மட்டும் வாங்காதீர்கள். வேர்வை பட்டால் கைப்பிடி வழுக்கும், வழுக்காமலிருக்கத் தேய்க்கும் வெள்ளைப் பொடியான ‘சாக்’ அதில் ஒட்டவே ஒட்டாது. பளபளவென்று குரோமியம் பூசிய கைப்பிடிக்கும் இதே கதைதான்.

கடையிலேயே நான்கு காரியம் செய்யுங்கள். முதலில், காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால், எடை சரிக்கட்ட உள்ளே போட்ட மணலோ இரும்புக் குண்டோ இளகியிருக்கிறது. அது தூக்கும்போதெல்லாம் இடம் மாறி, மணிக்கட்டைத் திருகும். அடுத்து, கைப்பிடியின் அடிப்பக்கம் முழுவதும் பஞ்சால் தேயுங்கள். பஞ்சின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கே வார்ப்புப் பிசிறு இருக்கிறது. கைப்பிடி உருண்டையோடு சேரும் இரண்டு மூலைகளைக் கட்டாயம் பாருங்கள். வெல்டிங் செய்த வகையில் பிசிறு நிற்பது அங்கேதான், கட்டைவிரல் கவட்டையைக் கிழிப்பதும் அதுதான். பிறகு தராசில் வையுங்கள். நூறு கிராம் முன்னே பின்னே பரவாயில்லை; அரை கிலோ வித்தியாசம் என்றால் வேண்டாம். கடைசியாக, சமதரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள், அடிப்பாகம் தட்டையா என்று தெரிந்துவிடும்.

தட்டு மாற்றிப் போட்டு எடையைக் கூட்டும் வகைகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டில் இடமில்லாதவருக்கு நல்ல ஏற்பாடு. நடுத்திருகை ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் இறுக்குங்கள். இளகிய திருகோடு ஸ்நாட்ச், அதாவது ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றுவது, ஆபத்து.

இனி அந்த ஒரு மணி நேர வேலை. பல தயாரிப்புகளில் துரு பிடிக்காமலிருக்கக் கைப்பிடி மேல் வார்னிஷ் போல ஒரு படலம் பூசி அனுப்புகிறார்கள். அதை எடுக்க வேண்டும். 80-ம் நம்பர் உப்புத்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, கைப்பிடியைச் சுற்றிப் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது மாதிரி இரண்டு முனையையும் மாறி மாறி இழுங்கள். படலம் போய் மங்கலான சாம்பல் நிறம் தெரிந்ததும் 120-க்கு மாறுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்க வேண்டாம். சாக் பிடித்து நிற்க லேசான சொரசொரப்பு தேவை. சாக் என்றால் மெக்னீசியம் கார்பனேட். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் இதற்கு உதவாது. கைப்பிடியில் துளி ஈரம் தெளித்து, சாக் கட்டியால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேயுங்கள். மூன்று பூச்சில் மாவு பூசியது போல ஒரு வெள்ளைப் படலம் நிற்கும்.

தோலுரித்த இரும்பு கடற்காற்றுக்குச் சீக்கிரம் துருவேறும். பயிற்சி முடிந்ததும் வேர்வையும் சாக்கும் கலந்த கசடைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, காய்ந்த துணியால் துடையுங்கள். எண்ணெய் பூசிவைத்தால் அடுத்த நாள் சோப்புப் போட்டுக் கழுவித்தான் தொட முடியும். பல வாரம் சும்மா கிடக்கப் போகிறது என்றால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

பயிற்சிக்கு வருவோம். நீண்ட நேரத்துக்கு ஒற்றைக் கை லாங் சைக்கிளையே பரிந்துரைக்கிறோம்: காலுக்கிடையே ஒரு ஸ்விங், ரேக்குக்கு ஏற்றம், அங்கிருந்து முழங்காலை லேசாக மடக்கி உதைத்துத் தலைக்கு மேல் தள்ளும் ஜெர்க், திரும்ப ரேக், திரும்ப ஸ்விங். நிமிடத்துக்கு 8 என்றால் ஒன்றுக்கு ஏழரை விநாடி. ரேக்கில் இரண்டு மூச்சு நிதானமாக எடுக்க அது போதும். முதல் இரண்டு வாரம் நான்கு நிமிட செட் மூன்று, இடையில் மூன்று நிமிட ஓய்வு, நிமிடத்துக்கு ஒரு முறை கை மாற்றம். வாரத்தில் மூன்று நாள். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரே செட். வாரம் ஒரு நிமிடம் கூட்டினால் எட்டாம் வாரக் கடைசியில் பத்து நிமிடம் கைக்கு வரும். அதற்குப் பிறகுதான் கை மாற்றத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒன்று, பிறகு ஐந்துக்கு ஐந்து என்று நீட்டுங்கள். வேகத்தை 8-லிருந்து 10 ஆக்குவது அதற்கும் அப்புறம். நேரம், வேகம், எடை மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். அவசரப்படுகிறவர் மூன்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, முழங்கை வலியோடு ஒரு மாதம் உட்கார்ந்துவிடுகிறார்.

முப்பது நிமிடம் கீழே வைக்காமல் தூக்கும் ‘அரை மராத்தான்’ என்ற கெட்டில்பெல் போட்டிக்குப் போகும்போது எடையை 12-க்கு இறக்குங்கள். நிமிடத்துக்கு 10 என்று 16 கிலோவை முப்பது நிமிடம் தூக்கினால் மொத்தம் 300 தடவை, 4,800 கிலோ. தோளும் முதுகும் அதற்குத் தயாராக மாதங்கள் ஆகும்.

செட் முடிந்ததும் உள்ளங்கையைப் பாருங்கள். தவறு எங்கே என்று அது சொல்லிவிடும். கட்டைவிரல் கவட்டையில் தொடங்கி, சுண்டுவிரல் பக்கத்து மணிக்கட்டு மேடு வரை குறுக்கே சாய்வாக ஒரு சாம்பல் கோடு இருந்தால், கை கைப்பிடிக்குள் ஆழமாக நுழைந்திருக்கிறது. எலும்பு எடையைத் தாங்கியிருக்கிறது, விரல் ஓய்ந்திருக்கிறது. கோடு விரலடியில் நேராக ஓடினால், தலைக்கு மேலேயும் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். கர்லாக்கட்டை சுற்றியவர்களுக்கு இது முதலில் சிரமம். அங்கே பிடியைத் தளர்த்தினால் கட்டை பறந்துவிடும், இங்கே தளர்த்தத் தெரியாவிட்டால் முன்கை போய்விடும். விரலடியில் கொப்புளம் எழுந்தால், கீழே இறங்கும் எடையை உள்ளங்கைத் தோலால் பிடிக்கிறீர்கள் என்று பொருள். விரல்களைக் கொக்கியாக்கி, கட்டைவிரலை ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் போட்டுப் பிடியுங்கள்.

முன்கையில் உருண்டை ‘டங்’கென்று மோதினால், கை உள்ளே நுழையத் தாமதமாகிறது, பெல் சுழன்று வந்து அடிப்பதற்குள் கையை முன்னோக்கிச் செருக வேண்டும். ரேக்கில் முழங்கை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி நிற்க வேண்டும். வழுவழுப்பான பாலியெஸ்டர் டிஷர்ட்டில் முழங்கை சறுக்கிக்கொண்டே இருக்கும். பருத்திச் சட்டை போடுங்கள். இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் ஆறாவது நிமிடத்தில் தோளைக் காப்பாற்றுவது அதுதான். ஸ்விங்கில் கை தொங்கும்போது முழங்கை வேர்வை முழுக்க உள்ளங்கைக்கு வழியும்; முன்கையில் துணிப்பட்டை கட்டினால் அங்கேயே நின்றுவிடும்.

தம் கட்டித் தூக்காதீர்கள். உடம்பு மடங்கும்போது மூச்சு வெளியே, நிமிரும்போது உள்ளே. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பிரஷர், இதயத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். முதலாம் நிமிட வேகத்தைப் பத்தாம் நிமிடத்திலும் வைத்திருக்க முடிந்ததா என்பதைத்தான் குறித்து வையுங்கள். மொத்த எண்ணிக்கையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த எடை? தலைக்கு மேல் 16-ஐ ஒரே கையால் நிதானமாக எட்டுத் தடவை தள்ள முடிந்த ஆண்கள் அதையே வாங்கலாம், முடியாதவர் 12. பெண்களுக்கு 8 அல்லது 12. கை சிறியதென்றால் 33 மி.மீ. கைப்பிடி. பெரிய கைக்கு 35. எதை வாங்கினாலும் கூடவே கனமான ரப்பர் பாய் ஒன்று வாங்கிவிடுங்கள். கை ஓய்ந்துபோன கடைசி நிமிடத்தில் டைல்ஸ் உடையாமலிருக்கும்.