ஸ்மார்ட் போர்டை யாரிடம் கற்றுக்கொள்வது? நான்கு வழிகள், ஒரு அலசல்

அரசு சொல்லும் கணக்குப்படி தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், மற்ற பள்ளிகளுக்கு 8,209 உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி. பெட்டிகள் வந்து இறங்குவதை எண்ணிவிடலாம். அவற்றை வைத்து நாலாம் வகுப்புக்குப் பின்னம் நடத்த ஆசிரியர் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்? இப்போதைக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: வட்டார வள மையத்தில் நேரடிப் பயிற்சி, திக்‌ஷா என்ற ஒன்றிய அரசின் கல்வித் தளத்தில் இணையவழிப் பயிற்சி, வாட்ஸ்அப் குழு, பக்கத்து வகுப்பு ஆசிரியர். கடைசி வழிக்குச் சான்றிதழ் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் மற்ற மூன்றையும் பார்த்துவிடலாம்.

வட்டார வள மையம்

இங்கே பயிற்சி படிப்படியாக இறங்கி வருகிறது. மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் (பயிற்சி தருபவர்கள்) மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள், அவர்கள் வட்டாரத்துக்குச் சொல்வார்கள், வட்டாரத்தில் நமக்குச் சொல்வார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்று 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மாநிலம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது இந்த ஏற்பாட்டால்தான். குறுகிய காலத்தில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே செய்தி போக வேண்டுமென்றால் இதைவிட வேறு வழி இல்லை.

கருவியைத் தொட்டுப் பார்க்கவே தயங்கும் ஆசிரியருக்கும் இது நல்ல இடம். மாணவர்கள் முன்னால் தடுமாறுவதைவிடச் சக ஆசிரியர்கள் முன்னால் தடுமாறுவது பரவாயில்லை. ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் போர்டு ஒன்றுதான். நாலைந்து பேர் தொட்டுப் பார்ப்பதற்குள் தேநீர் வந்துவிடும். அங்கே இருக்கும் போர்டு ஒரு கம்பெனி, நம் பள்ளியில் இருப்பது வேறு கம்பெனி. அப்புறம், ஒவ்வொரு படி இறங்கும்போதும் விஷயம் கொஞ்சம் கரைகிறது. மேலே செய்து காட்டியது கீழே வரும்போது பவர்பாயிண்ட் ஆகிவிடுகிறது, “பள்ளியில போய் செஞ்சு பாருங்க” என்ற வரியோடு முடிகிறது. போய்ச் செய்து பார்க்கும்போது கேட்க யாரும் இல்லை.

இன்னொரு செலவும் உண்டு. இரண்டே ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், அன்றைக்கு ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

திக்‌ஷா

திக்‌ஷா தளம் 2017 செப்டம்பர் 5-இல் வந்தது. மறு ஆண்டு வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சானபோதுதான் நம்மில் பலருக்கு அது அறிமுகம். 2019 ஆகஸ்டில் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய நிஷ்தா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டம், கொரோனா காரணமாக 2020 அக்டோபரில் இந்தத் தளத்துக்கு மாறியது. மொத்தம் 18 தொகுதிகள்.

இதன் வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஜவ்வாது மலையில் வேலை பார்ப்பவர் பஸ் பிடித்து இறங்கி வர வேண்டியதில்லை. புரியாத இடத்தைத் திரும்பப் பார்க்கலாம், இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம். ஒரு கருத்தைத் தெரிந்துகொள்ள, புதிய மதிப்பீட்டு முறை என்ன சொல்கிறது என்று படித்துக்கொள்ள, இதுவே போதும்.

நடைமுறை வேறு மாதிரி. வீடியோ ஒரு பக்கம் ஓடும், சமையல் ஒரு பக்கம் நடக்கும். வினாடி வினா விடைகள் குழுவுக்கு வந்துவிடும். இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முடிக்காதவர்கள் பட்டியல் போட்டுத் துரத்தினால் யாரும் முடிப்பதைத்தான் பார்ப்பார்கள். வகுப்பறையில் தொழில்நுட்பத்தை இணைப்பது பற்றியே நிஷ்தாவில் ஒரு தொகுதி உண்டு. அதைப் பார்த்து முடித்தவருக்கு விஷயம் தெரியும், சான்றிதழும் கிடைக்கும். மறுநாள் ஹெச்டிஎம்ஐ வயரைச் செருகியும் திரை கறுப்பாகவே நின்றால் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது.

வாட்ஸ்அப் குழு

இது தீயணைப்பு வண்டி. “போர்டில் தொடுவது ஒரு இடம், கோடு விழுவது வேற இடம்” என்று போட்டால், “கேலிபரேஷன் போடுங்க சார்” (தொடும் இடத்தைத் திரையோடு சரிசெய்வது) என்று பத்து நிமிடத்தில் பதில் வரும். எந்தப் பயிற்சியும் இவ்வளவு வேகமாக உதவாது. மற்றபடி அதே குழுவில் சுற்றறிக்கை, எமிஸ் (பள்ளித் தகவல் பதிவேற்றும் தளம்) நினைவூட்டல், காலை வணக்கம், யாரோ செய்த பிபிடி எல்லாம் வந்து குவியும். நாலு நாள் கழித்து அந்தப் பதிலைத் தேடினால் கிடைக்காது.

பக்கத்து வகுப்பு

இனி என் கட்சி. ஒரு பாடவேளை, ஒரே பாடம், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் நடத்துகிறார், மற்றவர் பின்வரிசையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்க்கிறார். கவனிக்க வேண்டியது பிள்ளைகளை, ஆசிரியரை அல்ல. எட்டு நிமிட வீடியோவை நிறுத்தாமல் ஓடவிட்டால் எந்த இடத்தில் கண்கள் திரையை விட்டுப் போகின்றன என்று, போர்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பின்னால் இருப்பவருக்குத் தெரியும். “மூணாவது நிமிஷத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்க டீச்சர்” என்ற ஒரு வரி எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் வராது, ஏனென்றால் அது அந்த வகுப்புக்கு, அந்த வீடியோவுக்கு மட்டும் உரிய வரி.

பெரும்பாலும் கருவி தெரிந்தவர் இளையவர், பாடம் தெரிந்தவர் மூத்தவர். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வட்டத்தை எட்டாக வெட்டிக் காட்ட இளையவருக்கு வரும். எட்டு நாலைவிடப் பெரியது என்பதால் எட்டில் ஒரு பங்கும் நாலில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று பிள்ளைகள் நினைப்பார்கள், அதனால் இரண்டு வட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டு என்று மூத்தவர் சொல்வார். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம். ஜப்பானில் சேர்ந்து பாடம் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசுவது ஆசிரியர் வேலையின் சாதாரணப் பகுதி.

இது என் ஆசை மட்டும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் செட்ஸ்வானா மொழி வாசிப்புக்கு இரண்டு முறைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதி ஆசிரியர்களுக்கு ஓரிடத்தில் கூட்டிவைத்துப் பயிற்சி. இன்னொரு பகுதிக்குப் பயிற்றுநர் வகுப்பறைக்கே வந்து பார்த்து உதவினார். பாடத்திட்டக் குறிப்பும் வாசிப்பு நூல்களும் இரு பக்கமும் ஒன்றேதான். இரண்டு ஆண்டு முடிவில் வகுப்பறைக்குள் வந்த பக்கத்தில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்புறம் ம்புமலங்கா மாகாணத்தில், பயிற்றுநர் நேரில் வருவதையும் டேப்லெட், போன், வாட்ஸ்அப் வழியாக வழிநடத்துவதையும் மூன்று ஆண்டுகள் ஒப்பிட்டார்கள். ஆங்கிலம் பேசிக் கேட்பதில் தொலைவழி கொஞ்சம் உதவியது. ஆங்கில வாசிப்பில் நேரில் வந்தது மட்டும்தான் பலன் தந்தது. தொலைவழிப் பக்கத்தில் தாய்மொழி வாசிப்பு கொஞ்சம் சரிந்தும் போனது.

அங்கே வந்தவர் சம்பளம் வாங்கும் பயிற்றுநர், பக்கத்து வகுப்பு டீச்சர் இல்லை. நம் ஊரில் அந்த வேலைக்கு ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களின் நாளெல்லாம் தகவல் சேகரிப்பிலும் பதிவேற்றத்திலும் போகிறது. அவர்களை வகுப்பறைக்குத் திருப்பிவிட முடிந்தால் நானே கட்சி மாறிவிடுவேன்.

பக்கத்து வகுப்பு வழிக்கு உள்ள ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். இருவருக்குமே தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து தவறாகக் கற்றுக்கொள்ளலாம். “என் வகுப்பில் உட்கார்ந்து நீ என்ன பார்க்கப்போறே?” என்று கேட்கும் மூத்தவர்களும் உண்டு. தலைமையாசிரியர் மனது வைக்காமல் பாடவேளை கிடைக்காது. ஈராசிரியர் பள்ளியில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் மற்றவர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் அவர் வகுப்பை யார் பார்ப்பது?

அங்கேதான் பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் கைகொடுக்க முடியும். பக்கத்துப் பள்ளிக்காரர்கள்தான் வருகிறார்கள், பாடமும் ஒன்று, போர்டும் பெரும்பாலும் ஒன்று. குறை என்னவென்றால் பாதி நேரம் சுற்றறிக்கை வாசிப்பில் போய்விடுகிறது, சனிக்கிழமை என்பதால் பிள்ளைகளும் இருப்பதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பள்ளி, அந்த மாதம் போர்டில் நடத்திய ஏதாவது ஒரு பாடத்தின் பத்து நிமிடத்தைப் போனில் எடுத்துக்கொண்டு வரட்டும். பிள்ளைகளின் முகம் வேண்டாம், போர்டும் குரல்களும் போதும். சரியாகப் போன பாடத்தைவிடப் பாதியில் சொதப்பிய பாடமே நல்லது, பேச விஷயம் இருக்கும். சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் போட்டுவிடலாம், அதற்குத்தான் குழு இருக்கிறதே.