பெருங்குடல் புற்றுநோய் அறுவை: வயிற்றைத் திறந்தா, துளைவழியா?

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை அகற்ற, வயிற்றை நீளமாகக் கீறித் திறக்கும் பழைய முறையும், சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையும் உள்ளன. துளையிட்ட தழும்பிலேயே புற்று மீண்டும் முளைக்குமோ என்ற அச்சம் 1990களில் மருத்துவர்களிடையே வலுவாக இருந்தது, நியாயமான அச்சம்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 872 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு அதைப் போக்கியது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியோர் துளைவழி முறையில் 16 சதவீதம், திறந்த முறையில் 18 சதவீதம். புள்ளியியல்படி இது வேறுபாடே அன்று. தழும்பில் நோய் திரும்பியோர் இரு பிரிவிலும் 1 சதவீதத்துக்கும் குறைவு.

வேறுபாடு புலப்படுவது படுக்கையருகில்தான். நீண்ட தையல் உள்ளவர், இருமல் வந்தாலே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு, துளைவழியில் வலிமருந்து குறைவாகத் தேவைப்படுவதும், மருத்துவமனையில் ஆறு நாள் ஐந்தாகக் குறைவதும் சிறிய ஆறுதலாகத் தோன்றாது. ஆனால் துளைவழி அறுவைக்கு நேரம் கூடுதல். அந்த ஆய்விலேயே ஐந்தில் ஒருவருக்கு இடையில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. இத்தனைக்கும், துளைவழியில் குறைந்தது 20 குடல் அறுவைகள் செய்து பழகியவர்களே அதில் சேர்க்கப்பட்டிருந்தனர். எனவே முறையைக் கேட்கும் முன், மருத்துவரின் அனுபவத்தைக் கேட்பதே முதன்மையானது என்பேன்.