கத்தரிக்காய்க்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், பூசணிக்காய்க்கு வேண்டாம்

மகளுக்குச் சோறு தீத்தத் தொடங்கிய மாதம் அது. சந்தையில் வாங்கிவந்த முளைக்கீரைக் கட்டைப் பிரித்த மனைவி, மூக்கருகே கொண்டுபோய்விட்டு, “இது மருந்து மணக்குது, நீங்க பாருங்க” என்று என்னிடம் நீட்டினாள். எனக்குக் கீரை மணம்தான் வந்தது. ஆனாலும் அந்தக் கட்டைச் சமைக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. அடுத்த மாதம் முழுக்கச் சேதன மரக்கறி, அதாவது இரசாயனப் பசளையும் இரசாயன மருந்தும் போடாமல் விளைந்தது மட்டும்தான் என்று பிடிவாதமாக வாங்கினோம். அம்மாவோடு சேர்த்து வீட்டில் நாலு பேர். கிழமைக்கு 3,500 ரூபாயில் முடிகிற மரக்கறிச் செலவு 5,600க்கு ஏறியது. இப்போது 4,100இல் நிற்கிறது. இடையில் எதை விட்டோம், எதை விடவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற எங்களுக்கு வழி மூன்று. வழக்கமான சந்தை ஒன்று. சுப்பர்மார்க்கட்டிலும் சில கடைகளிலும் ‘சேதன’, ‘இயற்கை’ என்று லேபல் ஒட்டி வருகிற பக்கற் இரண்டாவது. மூன்றாவது, ஆரையம்பதிப் பக்கம் வீட்டோடு தோட்டம் வைத்திருக்கிற ஓர் அக்கா. நான் அந்த அக்காவின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல.

சத்துக் கூட என்று சொல்லி விற்பவர்களை நான் பெரிதாக எடுப்பதில்லை. 2012இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் பழைய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தபோது, சேதன உணவில் சத்துக் கூட என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. 2014இல் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 343 ஆய்வுகளைத் தொகுத்து, உடம்புக்கு நல்லது என்று சொல்லப்படுகிற ஒட்சியேற்ற எதிரிகள் (antioxidants) அதிகமாக இருக்கின்றன, கட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் சண்டை முடியட்டும். ஸ்டான்போர்ட் தொகுப்பில் எனக்கு உதவியது வேறு ஒரு கணக்கு: பூச்சிமருந்தின் எச்சம் தென்பட்டது சாதாரண மாதிரிகளில் 38 சதவீதம், சேதன மாதிரிகளில் 7 சதவீதம். அனுமதித்த அளவைத் தாண்டியவை இரண்டு பக்கமும் குறைவுதான். ஆகவே சந்தை மரக்கறி முழுக்க நஞ்சு என்பதும் சரியில்லை, சேதனம் என்றால் துளிகூட இராது என்பதும் சரியில்லை.

‘சேதனம்’ என்ற சொல்லே எங்கள் பக்கத்து வயல்காரருக்கு இன்னும் கசப்பு. 2021 மே மாதம், நாடு முழுக்கச் சேதன விவசாயம் என்று சொல்லி, அரசாங்கத்தார் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள். பயிர் மஞ்சளாகி, ஊரெல்லாம் கத்தி, நவம்பரில் தடையை எடுத்தார்கள். “சேதனம் இல்லை தம்பி, சேதம்” என்று அப்போது சொன்ன என் சித்தப்பா, இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் கீரைக்கறியைப் பார்த்து, “இது உங்கட சேதமா?” என்றுதான் கேட்பார். ஒரு நாட்டை ஒரே போகத்தில் மாற்றப் போவது வேறு, ஒரு வீட்டுக்காரன் எந்தக் காயை எங்கே வாங்குவது என்று பார்ப்பது வேறு. அவரிடம் இதைச் சொல்லி வெல்ல ஏலாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எங்கள் செலவை 5,600இலிருந்து இறக்கியது ஒரே ஒரு கேள்வி: இந்தக் காயை எத்தனை நாளைக்கு ஒருமுறை பறிக்கிறார்கள்?

பூச்சிமருந்துப் போத்தலின் லேபலில், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று போட்டிருக்கும். 7 நாள், 14 நாள் என்று மருந்துக்கு மருந்து மாறும். பூசணிக்காய்க்கு அது பிரச்சினையே இல்லை. கொடி முற்றி வெட்டுவது ஒன்றிரண்டு தடவை. கடைசியாக எப்போது அடிப்பது என்று திட்டம்போடலாம். தோலையும் சீவித்தான் சமைக்கிறோம். மரவள்ளியும் அப்படித்தான், வற்றாளையும் அப்படித்தான், நிலத்துக்குள்ளே கிடக்கிறவை. வாழைக்காய், ஈரப்பலாக்காய், முருங்கைக்காய், தேங்காய் எல்லாம் எங்கள் வளவுகளில் மருந்தே காணாமல் காய்க்கிறவை. இவற்றுக்குச் சேதன லேபல் ஒட்டிக் கூட விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த ஒரு மாதத்தில் நான் கொடுத்தேன். ‘இயற்கை மரவள்ளி’ என்று பக்கற்றில் வாங்கினேன் என்றதும் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பயற்றங்காயைப் பாருங்கள். காய்க்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் விதை திரண்டு சவண்டுபோகும், ஒருவரும் வாங்கமாட்டார்கள். வெண்டிக்காய் இன்னும் மோசம், ஒருநாள் விட்டு ஒருநாள். கத்தரியில் காய்துளைக்கும் புழு ஒன்று இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்ததும் காய்க்குள்ளோ குருத்துக்குள்ளோ நுழைந்துவிடும். உள்ளே போனபின் மேலே அடிக்கிற மருந்து அதற்குப் படாது. எனவே நுழைவதற்கு முன் பிடிக்கவேண்டும் என்று அடிக்கடி அடிக்கிறார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். கிழமைக்கு ஒருமுறை மருந்து, மூன்று நாளைக்கு ஒருமுறை பறிப்பு. லேபலில் உள்ள 7 நாளை அந்த விவசாயி எப்படிக் காப்பது? மனச்சாட்சி இல்லாதவர் என்று இல்லை, செடி அவருக்கு நேரம் தருவதில்லை. பறிக்காமல் விட்டால் காய் போச்சு, அடிக்காமல் விட்டால் செடி போச்சு. பயற்றங்காய், வெண்டி, கத்தரி, பாவற்காய், பிறகு கீரை வகை, இந்தப் பட்டியலுக்கு மட்டும்தான் எங்கள் கூடுதல் காசு போகிறது.

கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் போகும். 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள்களில் இரண்டு மருந்துகளைப் பூசிச் சோதித்தார்கள். லீற்றருக்கு 10 கிராம் அளவில் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் கிடந்தபோது ஒன்று 96 சதவீதம் போனது, மற்றது 80 சதவீதம். மிச்சம் தோலுக்குள் இறங்கியிருந்தது. ஆப்பிள் வழவழப்பானது, பாவற்காயின் மேலுக்கும் கீரையின் மடிப்புக்கும் அதே கணக்குப் பொருந்தும் என்று நான் எழுதித்தரமாட்டேன். இருந்தாலும் சந்தையில் வாங்குகிற எல்லாவற்றையும் சோடாத் தண்ணீரில் போட்டுத்தான் எடுக்கிறோம். செலவு ஒன்றும் இல்லை.

இனி அக்காவின் தோட்டம். எழுவான்கரை, அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எங்கள் பக்கத்து மணல், தண்ணீரையும் பிடிக்காது, பசளையையும் பிடிக்காது. யூரியா போட்டால் ஒரு பங்கு கிணற்றுக்குத்தான் இறங்கும். அதே கிணற்றில்தான் குடிக்கவும் அள்ளுகிறோம். அதனால் அவர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தால் லான்ட்மாஸ்டரில் (இருசக்கர உழவு இயந்திர வண்டியில்) மாட்டெரு இறக்கி, காலையும் பின்னேரமும் தண்ணீர் ஊற்றி, வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த கரைசலைத் தெளிக்கிறார். கூட விலையில் பாதி அந்த வண்டிக் கூலியும் இடுப்பு நோவும் என்றுதான் நினைக்கிறேன்.

அவரிடம் கத்தரி கிலோ 420 ரூபாய், அன்று சந்தையில் 320. நூறு ரூபாய்தானே என்று நினைத்தேன். வீட்டில் வெட்டும்போதுதான் தெரிந்தது, புழுத்தின்ற துண்டுகளை ஒதுக்கினால் சட்டிக்குப் போவது 800 கிராம். அப்படிப் பார்த்தால் உண்மை விலை 525. இதை மறைத்துவிட்டு அக்காவுக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை. கத்தரிக்காயை வட்டமாக வெட்டி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற பழக்கம் இப்போது வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

அப்படியிருந்தும் ஏன் அவரிடம் போகிறேன்? ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். செடி நிறையக் கத்தரிக்காய் ஊதாவாகத் தொங்குகிறது. அக்கா கடகத்தை எடுக்கவில்லை.

“இந்தக் கிழமை கத்தரி வேணாம் தம்பி. புழு தாங்க ஏலாம மருந்து அடிச்சிட்டன். பத்து நாள் போகட்டும்.”

“அப்ப இந்தக் காயெல்லாம்?”

“பிடுங்கி மாட்டுக்கும் போட ஏலாது, கிடங்குக்குத்தான்.”

சேதனச் சட்டப்படி பார்த்தால் அந்தச் செடி அன்றோடு தோற்றுப்போனது. எனக்கோ அன்றுதான் அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. மருந்தே அடிக்காத கத்தரி எனக்குக் கட்டாயம் இல்லை. எப்போது அடித்தது என்று வாய் திறந்து சொல்கிற ஆள் வேண்டும். சந்தையில் அதைக் கேட்டால், பாவம், விற்கிறவருக்கே தெரியாது. தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து இரவோடிரவாக லொறியில் வந்த காய்.

பக்கற் மரக்கறியை ஒரு மாதத்தோடு விட்டுவிட்டேன். இலங்கையில் சேதன உற்பத்திக்கு எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நியமம்) 1324 என்று ஒரு தரம் இருக்கிறது. அந்த இலக்கமோ, சான்று கொடுத்த அமைப்பின் பெயரோ பக்கற்றில் இருந்தால் பெறுமதி உண்டு. நான் வாங்கிய கடையில் பச்சை நிறத்தில் ஓர் இலைப் படமும் ‘இயற்கை’ என்ற சொல்லும் மட்டும்தான் இருந்தன. கேட்டதற்கு, “மேலே இருந்து வாறது சேர்” என்றார் பொடியன். மேலே என்றால் மலையகமா, முதலாளியா என்று விளங்கவில்லை. பொலித்தீனுக்குள் வியர்த்துப்போன பொன்னாங்காணி மறுநாளே கறுத்தது.

அரிசியில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். பறிப்புக் கணக்கின்படி நெல்லுக்குக் கூடக் கொடுக்கத் தேவையில்லை: அறுவடை ஒரே தரம், மேலே உமி. ஏ.ரீ. 362 போன்ற சாதாரணச் சிவப்பு அரிசியே தினச் சோற்றுக்குப் போதும். ஆனாலும் பச்சைப்பெருமாள் என்ற பாரம்பரிய அரிசியின் மாவில் அவித்த பிட்டுக்கு மனைவி அடிமை. அது நாக்குக்குக் கொடுக்கிற காசு, அதைச் சுகாதாரக் கணக்கில் எழுதக்கூடாது. பாரம்பரிய நெல் என்றால் சேதனமாகத்தான் விளைந்திருக்கும் என்றும் இல்லை. முதல் தடவை மலிவென்று பத்துக் கிலோ வாங்கி ரின்னில் போட்டு வைத்தேன். தவிடு போகாத அரிசி. மூன்றாம் கிழமை மூடியைத் திறந்தால் வண்டு ஊருகிறது, சிக்கு மணமும் அடிக்கிறது. இப்போது இரண்டிரண்டு கிலோவாகத்தான் வாங்குகிறோம்.

இன்னும் ஒன்று. மாட்டெரு போட்ட பாத்தியில் வளர்ந்த வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறவர்கள், சேதனம்தானே என்று ஒரு அலசலோடு விட்டுவிட வேண்டாம். மருந்து இல்லாவிட்டாலும் எருவில் கிருமி இருக்கும். நாங்கள் மூன்று தண்ணீர் மாற்றி, கடைசியில் ஓடுகிற தண்ணீரில் இலை இலையாகப் பிடிக்கிறோம். மகளுக்குச் சம்பல் இன்னும் கொடுக்கவில்லை, அவித்ததுதான்.

இந்த ஏற்பாடும் வருடம் முழுக்க ஓடாது. கார்த்திகையில் மழை பிடித்தால் ஆரையம்பதித் தோட்டத்தில் பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியாது. தை முடியும்வரை அக்காவிடம் வல்லாரையும் கொஞ்சம் பொன்னாங்காணியும் மட்டும்தான். அந்த மாதங்களில் நாங்களும் சந்தைக்குத்தான் போகிறோம்; பூசணி, மரவள்ளி, மலையகக் கரட், குசினியில் ஒரு பேசின் சோடாத் தண்ணீர்.