128 வரி நிரம்பினால்: மெம்பிளாக்குக்கு எந்த வைத்தியம்?

லினக்ஸ் பூட் ஆகத் தொடங்கும்போது வழக்கமான நினைவக ஒதுக்கீடு இன்னும் தயாராகியிருக்காது. அதுவரை கணக்குப்பிள்ளை வேலை, கர்னலின் (லினக்ஸின் மைய நிரல்) ஒரு பகுதியான மெம்பிளாக்குக்கு. எங்கெங்கே எவ்வளவு ராம் இருக்கிறது என்று ஓர் அட்டவணை, அதில் எதெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டது என்று இன்னொன்று. முதல் அட்டவணையில் ஆரம்பத்தில் 128 வரிதான்.

எச்பிஎம் என்ற அதிவேக நினைவகம் உள்ள ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் சிப்) கணினிகளில் இது போதாமல் போனது. ஈசிசி என்ற பிழைதிருத்தும் வசதியாலும் திருத்த முடியாத பிழை வந்த இடத்தை, 2 எம்பி என்று வைத்துக்கொள்வோம், ஃபர்ம்வேர் (கணினியோடு வரும் தொடக்க மென்பொருள்) 'பயன்படாதது' என்று குறித்துவிடுகிறது. அடுத்த பூட்டில் ஒரே வரியாக இருந்த ராம் நல்லது, கெட்டது, நல்லது என மூன்றாகிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் இரண்டு வரி கூடும். 64 ஓட்டை விழுந்தால் 129. இடம் கிடைக்காத ராம், பழுதே இல்லாவிட்டாலும், கணக்கில் வராமல் போனது.

அழகான தீர்வு, அட்டவணையைத் தேவைப்படும்போது இரட்டிப்பாக்குவது. அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப் வகை) அதைத்தான் நம்புகிறது. ஃபர்ம்வேர் தந்த ராம் பட்டியலை மெம்பிளாக்கில் ஏற்றும் முன்பே 'இனி வளரலாம்' என்று அனுமதித்துவிடுகிறது. தொடக்கூடாத பகுதிகள் அதற்குள் பதிவாகியிருக்கும் என்பதால் ஆபத்தில்லை. ஆர்ம்64-இல் அது நடக்காது. புதிய அட்டவணையை எழுத ராம் மேப் ஆகியிருக்க, அதாவது கர்னல் தொடக்கூடிய முகவரிகளோடு இணைந்திருக்க, வேண்டும். ராமை மேப் செய்வதோ இதே அட்டவணையைப் படித்துத்தான். கோழியா முட்டையா கதை.

2022-இல் வந்த பேட்ச் (கர்னல் நிரலில் ஒரு திருத்தம்) முரட்டு வழியில் போனது: ஆர்ம்64 கர்னலை ஈஎஃப்ஐ (ஃபர்ம்வேரோடு பேசும் முறை) ஆதரவோடு கட்டியிருந்தால் ஆரம்பத்திலேயே 1024 வரி. வரிக்கு 24 பைட், ஆக 3 கேபி 24 கேபி ஆகிறது. பூட் முடிந்த பிறகும் ஆர்ம்64 இதை வைத்துக்கொள்ளும். பெரிய சர்வருக்கு 21 கேபி ஒரு பொருட்டா? பொதுவான டிஸ்ட்ரோ (உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்பு) கர்னலை ஓட்டும் சின்ன போர்டும் சேர்ந்து சுமக்கிறது, சரி, பரவாயில்லை.

எத்தனை வரி என்ற எண்ணைக் கர்னல் கான்ஃபிக்கில் (கட்டும்போது தேர்ந்தெடுக்கும் அமைப்புகள்) விட்டுவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. எந்த மெஷினில் எத்தனை ஓட்டை விழும் என்று கர்னலைக் கட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்?

என் ஓட்டு 1024-க்குத்தான். ஒரு குறை மட்டும் உண்டு. 1025-ஆவது வரி வந்தால் என்ன ஆகும் என்பதை அந்த பேட்ச் தொடவே இல்லை. ராம் தொலைந்தது என்று லாகில் ஒரு எச்சரிக்கையாவது கேட்டிருப்பேன்.